பிரெஞ்சுச் சாப்பாட்டு முறையும் உடல் எடையும்

வெண்ணெய், பாலாடைக்கட்டி, வெள்ளை மாவு ரொட்டி, சாக்லேட். எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் ஒதுக்கும் பண்டங்கள் இவை. பிரெஞ்சு வீடுகளில் இவை அன்றாடம் புழங்குகின்றன. பாலாடைக்கட்டி மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 25 கிலோவுக்கு மேல் செலவாகிறது. இருந்தும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பிரான்ஸில் வயதுவந்தவர்களில் உடல்பருமன் உள்ளவர்கள் 17 விழுக்காடுதான். அமெரிக்காவில் அது 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

இந்த இடைவெளியைக் காட்டித்தான் 'பிரெஞ்சுக்காரர்களைப் போலச் சாப்பிட்டால் எடை கட்டுக்குள் இருக்கும்' என்று சொல்கிறார்கள். 2004இல் மிரெய் கிலியானோ எழுதிய புத்தகம், பிரெஞ்சுப் பெண்கள் பருமனாவதில்லை என்று தலைப்பிலேயே அறிவித்தது. அது பல மொழிகளுக்குப் போனது. அதன்பின் இந்த எண்ணம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதில் எவ்வளவு உண்மை? உண்மை இருக்கும் இடத்தில் அது எப்படி வேலை செய்கிறது? முயன்று பார்க்க விரும்புபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

முதலில் எண்களைப் பற்றி ஒரு சொல். பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்துப் பெறும் எண். அது 30ஐத் தொட்டால் உடல்பருமன் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. பிரெஞ்சுக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் எடையையும் உயரத்தையும் தாங்களே சொன்னார்கள். அமெரிக்காவில் நேரில் நிறுத்து அளந்தார்கள். தாமே சொல்லும்போது எடையைச் சற்றுக் குறைத்தும் உயரத்தைச் சற்றுக் கூட்டியும் சொல்வது எங்கும் உள்ள வழக்கம். ஆகவே உண்மையான இடைவெளி இந்த எண்கள் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் இடைவெளி இருக்கிறது, அது பெரியதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'பிரெஞ்சு முரண்' என்ற பேச்சு 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றால் பிரபலமானது. அதில் பேசிய அறிவியலாளர் செர்ஜ் ரெனோ, 1992இல் லான்செட் மருத்துவ இதழில் அதை விரித்து எழுதினார். ஆனால் அந்த முரண் இதயநோயைப் பற்றியது, எடையைப் பற்றியது அல்ல. கொழுப்பு நிறையச் சாப்பிட்டும் மாரடைப்பு ஏன் குறைவு என்பதே அன்றைய கேள்வி. சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்று ரெனோ கருதினார். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. எடையைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் எளியது. ஒரு கிராம் மதுச்சாரத்தில் 7 கலோரி. ஒரு சிறு கோப்பை ஒயினில் ஏறக்குறைய 100 கலோரி. எடை குறைய ஒயின் குடிக்க வேண்டும் என்பதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களே இன்று 1960களில் குடித்ததில் பாதிகூடக் குடிப்பதில்லை.

ஆக, பண்டங்களின் பட்டியலில் விடை இல்லை. எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரம் என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

பிரான்ஸின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் மக்கள் ஒரு நாளைக் கழிக்கும் விதத்தை அவ்வப்போது கணக்கெடுக்கிறது. 2010ஆம் ஆண்டுக் கணக்கில், பகல் ஒரு மணிக்கு நாட்டின் பாதிப் பேர் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். ஒரு நாடே ஏறத்தாழ ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. காலையில் ரொட்டி, வெண்ணெய், பழக்கூழ், காப்பி என்று சிறிய உணவு. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் மதிய உணவு. இரவு எட்டு மணியை ஒட்டி இரவு உணவு. குழந்தைகளுக்கு மட்டும் பள்ளி விட்டதும் நாலரை மணிவாக்கில் 'கூத்தே' என்ற மாலைச் சிற்றுணவு உண்டு. ரொட்டித் துண்டோடு இரண்டு வில்லை சாக்லேட் அல்லது ஒரு பழம், இவ்வளவுதான். இந்த வேளைகளுக்கு நடுவே வாய் அசைவது குறைவு.

வேளை தவறாமல் சாப்பிடுவதற்கும் எடைக்கும் என்ன தொடர்பு? பசியைத் தூண்டும் ஹார்மோன் ஒன்று இரைப்பையில் சுரக்கிறது. அதன் பெயர் கிரெலின். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுக்கு முன் அது இரத்தத்தில் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். ஒருவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தையும் அது பழகிக்கொள்கிறது. தினமும் ஒரு மணிக்குச் சாப்பிடுபவருக்கு ஒரு மணியை ஒட்டிப் பசிக்கும். பதினொன்றுக்கு முறுக்கோ பிஸ்கட்டோ தின்று பழகியவருக்குப் பதினொன்றுக்கும் பசிக்கத் தொடங்கும். ஆக, இடைத்தீனிப் பழக்கம் பசியை ஆற்றுவதோடு நிற்பதில்லை, நாளடைவில் புதிதாக ஒரு பசியையே உண்டாக்கிவிடுகிறது. பழக்கத்தை நிறுத்தினால் அந்தப் பசியும் சில வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் வாரம்தான் கடினம்.

பிரெஞ்சு உடலியல் ஆய்வாளர்கள் இதை வேறொரு கோணத்திலிருந்தும் சோதித்திருக்கிறார்கள். மெலிந்த இளைஞர்களைக் கடிகாரம் பார்க்க முடியாத அறையில் வைத்து, மதிய உணவு கொடுத்தார்கள். பிறகு பசியெடுக்கும் முன்பே ஒரு சிற்றுணவு கொடுத்தார்கள். இரவு உணவை அவர்களே பசித்தபோது கேட்கலாம். 2002இல் வெளியான முடிவு இது: சிற்றுணவு இரவு உணவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டது, ஆனால் இரவில் சாப்பிட்ட அளவைக் குறைக்கவில்லை. பசியில்லாமல் தின்றதை உடல் அடுத்த வேளையில் கழித்துக்கொள்வதில்லை, அது அன்றைய கணக்கில் கூடுதலாகவே ஏறுகிறது. 'ஒரு பிடிதானே' என்று நாம் நினைக்கும் இடம் இதுதான். குழந்தைகளின் மாலைச் சிற்றுணவு இதிலிருந்து வேறுபட்டது. மதியச் சாப்பாடு முடிந்து நாலு மணி நேரம் கழித்து, பசித்த வயிற்றுக்கு, குறித்த நேரத்தில் கிடைக்கிறது. அது நாலாவது வேளை, இடைத்தீனி அல்ல.

அடுத்து, சாப்பாட்டு மேசை. பிரெஞ்சு முறையை அருகில் நின்று பார்க்க வேண்டுமானால் நட்சத்திர உணவகத்துக்குப் போக வேண்டியதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடம் போதும். தட்டில் முதலில் இருப்பது துருவிய காரட். மேலே கொஞ்சம் எண்ணெயும் வினிகரும். அல்லது வேகவைத்த பீட்ரூட், அல்லது துவரைக்கு ஒன்றுவிட்ட உறவான லென்டில் பருப்புச் சாலட். அடுத்து மீனோ கோழியோ ஒரு துண்டு, பக்கத்தில் பீன்ஸ் அல்லது உருளைக்கிழங்கு. பிறகு விரல் அகலத்துக்கு ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி. கடைசியில் ஓர் ஆப்பிள் அல்லது தயிர். மேசை நடுவில் தண்ணீர்க் குவளையும் ரொட்டிக் கூடையும்.

இது சமையல்காரரின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியம் அல்ல, அரசு விதி. ஒவ்வொரு மதிய உணவிலும் நான்கு அல்லது ஐந்து பகுதிகள் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் ஆணை சொல்கிறது. பொரித்தவை எத்தனை முறை, பழம் எத்தனை முறை என்றெல்லாம் வரையறை உண்டு. தண்ணீரும் ரொட்டியும் கேட்டபடி கிடைக்கும். உப்பையும் கெச்சப்பையும் பிள்ளைகள் தாங்களே எடுத்துக் கொட்டிக்கொள்ள முடியாது. 2018ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள் சைவ உணவும் சேர்ந்தது. தின்பண்டமும் குளிர்பானமும் விற்கும் தானியங்கி இயந்திரங்கள் 2005இலேயே பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டுவிட்டன. பாரிஸ் லா ஷப்பல் வட்டாரத்துக் கடைத்தெருவில் பெற்றோர் கடை வைத்திருக்க, பள்ளிக்குப் போகும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளும் மதியம் இந்தத் தட்டின் முன் உட்கார்ந்து, இரவு வீட்டில் சோறு சாப்பிடுபவர்கள்தாம். ருசி வேறாகலாம், வேளையும் வரிசையும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

காய்கறியை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு கிராம் உணவில் எத்தனை கலோரி இருக்கிறது என்பதை ஆற்றல் அடர்த்தி என்பார்கள். தண்ணீரும் நாரும் மிகுந்த காய், பழம், சூப் ஆகியவற்றின் ஆற்றல் அடர்த்தி குறைவு. எண்ணெயிலும் சர்க்கரையிலும் அது அதிகம். வயிறு நிறைவதைப் பெரிதும் தீர்மானிப்பது உணவின் பருமனும் எடையும். பசி உச்சத்தில் இருக்கும்போது முதலில் அடர்த்தி குறைந்தது உள்ளே போனால், பின்னால் வரும் கனமான உணவுக்கு இடம் குறைகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 2007இல் நடத்திய சோதனையில், உணவுக்கு முன் அடர்த்தி குறைந்த சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, அந்த வேளையில் 20 விழுக்காடு குறைந்த கலோரிதான் எடுத்துக்கொண்டார்கள்.

பல பகுதிகளாகப் பரிமாறுவதால் நேரமும் நீள்கிறது. இரைப்பை விரியும்போது அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. உணவு குடலைத் தொட்டதும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் சுரந்து 'போதும்' என்ற செய்தியை வலுப்படுத்துகின்றன. இந்த உணர்வை நிறைவுணர்வு என்று சொல்லலாம். இப்போது எடைக் குறைப்புக்காகப் பரவலாகப் பேசப்படும் செமாக்ளூடைட் ஊசி மருந்து, ஜிஎல்பி-1இன் வேலையைத்தான் செய்கிறது. உடலில் இயல்பாக எழும் நிறைவுணர்வு முழுதாக வந்துசேரப் பதினைந்து இருபது நிமிடம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர், அந்தச் செய்தி வருமுன் இரண்டாம் முறையும் வாங்கிவிடுகிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நாளில் சாப்பாட்டுக்குச் செலவிடும் நேரம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அமெரிக்கர்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதைவிடத் தெளிவான ஒப்பீடு ஒன்று இருக்கிறது. உளவியலாளர் பால் ரோசினும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் குளோத் பிஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் பாரிஸையும் பிலடெல்பியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2003இல் வெளியான அந்த ஆய்வில், இரு ஊர்களிலும் உள்ள ஒரே வகை உணவகங்களில் பரிமாறிய அளவை எடைபோட்டார்கள். பாரிஸில் சராசரி 277 கிராம், பிலடெல்பியாவில் 346 கிராம். கடைத் தயிர்க் கிண்ணம் பாரிஸில் 125 கிராம், பிலடெல்பியாவில் 227 கிராம். மெக்டொனால்ட்ஸ் கடையில் உட்கார்ந்தவர்களையும் கவனித்தார்கள். பிலடெல்பியாவில் ஒருவர் சராசரியாக 14 நிமிடத்தில் எழுந்துவிட்டார். பாரிஸில் 22 நிமிடம் இருந்தார். ஒரே நிறுவனத்தின் உணவு, அளவு குறைவு, நேரம் அதிகம். இந்த ஒரு விவரம், ஆலிவ் எண்ணெயைப் பற்றியும் பாலாடைக்கட்டியைப் பற்றியும் எழுதப்பட்ட பல பக்கங்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? முன்னால் வைத்த அளவே எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது. ரோல்ஸ் குழு 2002இல் சிலருக்குப் பாலாடைக்கட்டி கலந்த மக்ரோனியை ஒரு நாள் 500 கிராமும் வேறொரு நாள் 1000 கிராமும் முன்னால் வைத்தது. 1000 கிராம் வைத்த நாளில் அவர்கள் 30 விழுக்காடு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அளவு மாறியதைக் கவனித்ததாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. சாப்பிட்டு முடித்ததும் இரு நாளும் அவர்கள் சொன்ன நிறைவு ஏறத்தாழ ஒன்றே. இதில் மன உறுதிக்குப் பெரிய வேலை இல்லை. கரண்டி எடுப்பதற்கு முன்பே காரியம் பாதி முடிந்துவிடுகிறது.

பிரெஞ்சு மேசையில் கொழுப்பு நிறைந்த பண்டங்கள் வந்து போவதற்கு இந்தச் சிறிய அளவுதான் வழிவிடுகிறது. 30 கிராம் கமாம்பேர் பாலாடைக்கட்டியில் சுமார் 90 கலோரி. நாலு வில்லைக் கறுப்புச் சாக்லேட் அதைவிடச் சற்று அதிகம். இரண்டும் உணவின் முடிவில், நிறைவுணர்வு வந்த பிறகு வருகின்றன. வார நாட்களில் பல வீடுகளில் இனிப்பு என்பதே ஒரு கிண்ணம் தயிர் அல்லது ஒரு பழம். முட்டையும் வெண்ணெயும் பிசைந்த கேக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. பல பகுதி உணவு தன்னளவில் எடையைக் குறைப்பதில்லை. ஒரே சுவையை உண்டுகொண்டே போனால் அதன்மேல் உள்ள ஆசை சீக்கிரம் தணிகிறது. சுவை மாறியதும் ஆசை மீண்டும் எழுகிறது. வயிறு நிறைந்த பின்னும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். அளவைச் சிறிதாக்காமல் வகையை மட்டும் கூட்டினால் எடை ஏறும். 2010இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 'பிரெஞ்சு விருந்துணவு' இப்படிப் பல வகை கொண்டது. அது பிறந்தநாள், திருமணம், கூடிக் களிக்கும் நாட்களுக்கானது. அதைப் படித்துவிட்டு அன்றாடம் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இதுவரை சொன்னது உடலுக்குள் நடப்பது. வெளியே நடப்பதையும் சொல்லாவிட்டால் விளக்கம் அரைகுறையாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே கட்டுப்பாடு மிக்கவர்கள் அல்லர். அவர்களைச் சுற்றியுள்ள ஏற்பாடு அப்படி. வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர்கள் சாப்பிட முதலாளி அனுமதிக்கக் கூடாது என்று தொழிலாளர் சட்டத்தில் விதி இருக்கிறது. கொரோனாக் காலத்தில் 2021இல் அதைத் தளர்த்தினார்கள். மதிய உணவுக்கு நிறுவனங்கள் தரும் உணவுச் சீட்டு 1967 முதல் சட்ட வடிவில் உள்ளது. 2007 முதல் பதப்படுத்திய உணவு, இனிப்புப் பானம் ஆகியவற்றின் விளம்பரங்கள் நலவாழ்வு வாசகம் ஒன்றைத் தாங்கி வர வேண்டும். அவற்றில் ஒன்று, வேளைகளுக்கு நடுவே கொறிக்காதீர்கள் என்பது. இனிப்புப் பானங்களுக்கு 2012இல் வரி வந்தது. உணவகங்களில் அவற்றை விலையின்றி நிரப்பிக்கொண்டே இருக்கும் வழக்கத்துக்கு 2017இல் தடை வந்தது. இத்தனை துணையோடு ஒரு சமூகம் செய்வதை, தனி ஆள் தன் வீட்டில் மட்டும் செய்வது கடினம். முயன்று தோற்றவர்கள் தங்களை நொந்துகொள்வதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அந்த ஏற்பாடும் பிரான்ஸில் அசையாமல் நிற்கவில்லை. 1997இல் அங்கு உடல்பருமன் உள்ளவர்கள் 8.5 விழுக்காடு. 2020க்குள் அது இரு மடங்காகிவிட்டது. அதிக எடையும் உடல்பருமனும் சேர்ந்தால் கிட்டத்தட்ட பாதிப் பேர். தொழிற்சாலைகள் மூடப்பட்டு வறுமை மிகுந்த வடக்குப் பகுதியில் உடல்பருமன் 22 விழுக்காடு, பாரிஸ் வட்டாரத்தில் 14. பிரெஞ்சுக்காரர்கள் உண்ணும் கலோரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஆலைகளில் பெரிதும் மாற்றிப் பதப்படுத்திய உணவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அது பாதிக்கும் மேல். இத்தகைய உணவைத் தடையின்றிக் கொடுத்தால் ஆட்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் 2019இல் காட்டினார். மெல்லவும் விழுங்கவும் எளிதான அந்த உணவை அவர்கள் வேகமாகவும் தின்றார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு நாடுகளை ஒப்பிடுவதால் காரணம் உறுதியாகிவிடாது. பாரிஸ்காரர் அதிகம் நடக்கிறார். நகர அமைப்பு வேறு, வருமானம் வேறு, புகைபிடிக்கும் வழக்கம் வேறு. சிறிய அளவு, அடர்த்தி குறைந்த உணவை முதலில் உண்பது, பசியின்றித் தின்னாதிருப்பது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சோதனைகளின் ஆதரவு இருக்கிறது. ஒயினுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அப்படி ஆதரவு இல்லை. அவற்றை வாங்கத் தேவையும் இல்லை.

முயல்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வேளையிலிருந்து தொடங்குவது என் கணிப்பில் சரி. மூன்று வேளையின் நேரத்தையும் அரை மணி முன்பின்னாக நிலைப்படுத்தி, நடுவில் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை போட்ட காப்பியும் டீயும் இடைத்தீனிக் கணக்கில்தான் சேரும் என்பதை மறக்கக் கூடாது. அது பழகிய பிறகு, உணவின் தொடக்கத்தில் காயோ சூப்போ சேர்த்து, மாவுப் பண்டத்தின் அளவை அடுப்படியிலேயே குறைத்துப் பரிமாறலாம். பாத்திரத்தை மேசைமேல் கொண்டுவந்து வைக்காமல் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும். தொலைக்காட்சியையும் கைபேசியையும் தள்ளி வைத்து இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிடுவது கடைசியில் வரட்டும். பரபரப்பான வீடுகளில் அதுதான் மிகக் கடினம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இடைவேளைச் சிற்றுணவை நிறுத்தக் கூடாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகளும் இதைத் தாமாக முயல வேண்டாம். சாப்பாட்டை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தி முன்பு துன்பப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

மற்றவர்கள் எதிர்பார்ப்பைச் சிறியதாக வைத்துக்கொள்வது நல்லது. இந்த முறை சில வாரங்களில் பத்து கிலோ இறக்கும் வகையைச் சேர்ந்தது அல்ல. ஆண்டுதோறும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் எடையை நிறுத்துவதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவதும்தான் இதனால் நடக்கக்கூடியது. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலை வெறும் வயிற்றில் எடை பார்த்தால் போதும். மூன்று மாதம் கழித்தும் முள் நகரவில்லை என்றால், பெரும்பாலும் குறைக்க வேண்டியிருப்பது இரவு உணவின் அளவுதான்.